சண்டை இல்லாத வருஷங்கள்

1964இல் எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தேன். சீனப் போர் முடிந்து இரண்டு வருஷம். ராணுவத்துக்கு டாக்டர்கள் நிறையத் தேவைப்பட்ட காலம். அவசரகால கமிஷன் என்று பெயர். சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருக்கும். கூப்பிட்டால் போக வேண்டும்.

1965 போரின்போது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தேன். காயம்பட்டவர்கள் ரயிலில் வந்து இறங்குவார்கள். எல்லோரும் என்னிடம் கேட்பது அந்த நாட்களைப் பற்றித்தான். ஆனால் டாக்டராக நான் கற்றுக்கொண்டதெல்லாம் அதற்குப் பிறகு வந்த வருஷங்களில்.

1966இல் பஞ்சாபில் ஒரு பட்டாலியனுக்கு டாக்டராகப் போனேன். காலையில் எம்.ஐ. ரூம் என்கிற மருத்துவப் பரிசோதனை அறையில் சிக் பரேட், அதாவது உடம்பு சரியில்லாத ஜவான்கள் வரிசையில் வந்து டாக்டரைப் பார்ப்பது. தலைவலி, வயிற்றுவலி, பூட்ஸ் கடித்த கால். மருந்தைக் கொடுத்து வேலைக்கு அனுப்பினால் ‘மெடிசின் அண்ட் டியூட்டி’. லேசான வேலை மட்டும் போதும் என்றால் ‘அட்டெண்ட் சி’. அந்த ஒரு வரியில் ஒரு ஜவானின் அன்றைய நாளே அடங்கியிருக்கும்.

முகாம் போட்டால் முதல் வேலை தண்ணீர். அதில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்று கண்டுபிடிக்க ஹாராக்ஸ் பெட்டி என்று ஒன்று உண்டு. பெட்டியில் ஆறு வெள்ளைக் கிண்ணங்கள், ஒரு கறுப்புக் கிண்ணம். கறுப்பில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டு, பரிசோதிக்க வேண்டிய தண்ணீர் ஊற்றிய முதல் வெள்ளைக் கிண்ணத்தில் அந்தக் கரைசலை ஒரு சொட்டு விட வேண்டும், இரண்டாவதில் இரண்டு, இப்படி ஆறு வரைக்கும். கலக்கிவிட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் ஸ்டார்ச் அயோடைடு மூன்று சொட்டு. எந்தக் கிண்ணம் முதலில் நன்றாக நீலமாகிறதோ, 455 லிட்டருக்கு அத்தனை கரண்டி பவுடர். கரண்டிக்கு 2 கிராம். மூன்றாவது கிண்ணம் நீலமானால் 6 கிராம், அவ்வளவுதான் கணக்கு.

என்னோடு வேலூர் மாவட்டக்காரரான நர்சிங் அசிஸ்டென்ட் ஒருவர் இருந்தார். வெயிலானாலும் மழையானாலும் அந்த அரை மணி நேரத்தில் ஒரு நிமிஷம் குறைக்க மாட்டார். தண்ணீர் லாரியோடு காத்து நிற்கிற சுபேதார் அவசரப்படுத்துவார். இவர் கைக்கடிகாரத்தைக் காட்டுவதோடு சரி. எண்ணூறு பேர் குடிக்கிற தண்ணீர். எங்கள் முகாமில் ஒருவருக்கும் வாந்திபேதி வரவில்லை என்று அறிக்கையில் எழுதும்போது, எந்த அறுவை சிகிச்சையிலும் கிடைக்காத நிறைவு எனக்குக் கிடைத்தது. வராமல் போன நோயை யாரும் பார்ப்பதில்லை. அவர் பார்த்தார், நானும் பார்த்தேன்.

அப்புறம் லடாக். அங்கே லே நகரம் ஏறத்தாழ 11,500 அடி உயரம். சண்டிகரில் விமானம் ஏறினால் காலைக்குள் அங்கே இறங்கிவிடலாம். உடம்புக்கு அந்த வேகம் ஆகாது.

1968இல் ஒரு தமிழ்ப் பையன் லீவு முடிந்து விமானத்தில் திரும்பியிருந்தான். மறுநாள் சிக் பரேடுக்கு வந்து தலைவலி என்றான், சாப்பாடு இறங்கவில்லை என்றான். ஒரு வருஷம் அங்கேயே இருந்தவன்தானே, உயரம் பழகியவன் என்று நினைத்து ஆஸ்பிரின் கொடுத்து மெடிசின் அண்ட் டியூட்டி எழுதினேன். அன்று இரவு பதினொரு மணிக்கு இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம். “படுத்தா மூச்சு முட்டுது சார்” என்றான். இருமலில் இளஞ்சிவப்பு நுரை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், காதோரம் முடியை விரலில் வைத்து உரசினால் கேட்குமே, அந்தச் சத்தம் நெஞ்சு முழுக்க. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. உட்காரவைத்து, ஆக்ஸிஜன் முகமூடியை விடியும்வரை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர் முள் இறங்க இறங்க என் நெஞ்சும் இறங்கியது. காலை விமானத்தில் கீழே அனுப்பினோம். பிழைத்துவிட்டான்.

கீழே போய் வந்தவருக்கும் இது வரும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேனன் என்ற நம் ராணுவ டாக்டர் 101 நோயாளிகளைப் பற்றி 1965இலேயே எழுதிவிட்டார். நான் படிக்கவில்லை. 1969இல் இந்தர் சிங்கும் குழுவினரும் 1,925 ராணுவ வீரர்களைப் பற்றிய கட்டுரையை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதை மூன்று முறை படித்தேன். மலை ஏறுகிற யாருக்கும் இன்று டாக்டர்கள் சொல்கிற எச்சரிக்கையில் அந்த ஜவான்களின் மூச்சுத் திணறலும் இருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகு, எங்கள் யூனிட்டில் லீவு முடிந்து வருகிற எவரையும் பழைய ஆள், புதிய ஆள் என்று பார்க்காமல் ஆறு நாள் கனமான வேலைக்கு விடவில்லை. கமாண்டிங் ஆபீசர் முகம் சுளித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

1970இல் வெளியே வந்து ஊரில் கிளினிக் வைத்தேன். 1971 டிசம்பர் 3 அன்று போர் தொடங்கியதும் பழைய கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து, சட்டைகளை அடுக்கினேன். தந்தி வரும் என்று காத்திருந்தேன். 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படையினர் சரணடைந்துவிட்டார்கள். எனக்கு அழைப்பு வரவில்லை.

ஜனவரியில் ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. கிழக்கு முனையில் இருந்த அந்த வேலூர்க்காரர் எழுதியிருந்தார். நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் நெருக்கி நெருக்கி இப்படி: “இங்கே எல்லாம் குளத்துத் தண்ணீர்தான் சார். நாலாவது கிண்ணம்தான் நீலமாச்சு. அரை மணி நேரம் முழுசா வெச்சேன்.”