சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை

மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவனைப் பார்த்து, "இலேசான வேலையாகப் பார், தம்பி" என்று யாரும் சொல்லிவிடலாம். சொல்வதற்குச் செலவில்லை. எனக்கு இருப்பது பைபோலார் என்று மருத்துவர்களும், நரம்புத் தளர்ச்சி என்று அம்மா உறவினர்களிடமும் சொல்லும் நோய். சில காலம் தரையில் கால் பாவாத வேகம். சில காலம் பல் துலக்கக்கூட எழ முடியாத சோர்வு. மருந்து பிடித்த பிறகு இரண்டும் மட்டுப்பட்டு, நடுவில் சாதாரணமான ஒரு வாழ்க்கை கிடைக்கிறது. அந்த வாழ்க்கைக்குள் அடங்கும் வேலை எது என்று தேடியபோது, இலேசு, கனம் என்ற அளவுகோல் எனக்கு உதவவே இல்லை.

பழைய வடஆற்காட்டில் பட்டம் வாங்கிய பையன் தோல் தொழிலுக்குள் நுழைவது புதிதல்ல. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் வரும். ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி தோல், லைனிங் எங்கிருந்து, சோல் எங்கிருந்து என்று கணக்குப் போட்டு, கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் என ஒவ்வொரு பிரிவின் பின்னாலும் அலைந்து, குறித்த தேதியில் கன்டெய்னரைச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். லாபமெல்லாம் விமானக் கூலிக்கே சரியாகிவிடும். அதனால் ஷிப்மென்ட் நெருங்கும்போது இரவு பகல் தெரியாது. எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

இந்த நோயில் தூக்கம் கெடுவது நோயைக் கிளப்பும் காரணமாகவும் இருக்கும், கிளம்பிவிட்டது என்பதற்கு முதல் அடையாளமாகவும் இருக்கும். இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் புத்துணர்ச்சியோடு எழுந்து வந்தால் வீட்டில் பயப்படுவார்கள். தொழிற்சாலையிலோ அது பாராட்டுக்குரிய குணம். "இவனைப் பாருங்கள், களைப்பே இல்லை" என்று மேலாளர் மற்றவர்களுக்கு என்னைக் காட்டிய வாரத்தில்தான் நான் நோயின் வேகத்தில் நன்றாக ஏறிப்போயிருந்தேன். இனிப் பேச வேண்டாம் என்று எல்லோரும் நினைக்கும் வேகத்தில் பேசினேன். தேவையில்லாததை எல்லாம் வாங்கினேன். கடைசியில் பாகாயத்தில் சேர்த்தார்கள்.

பாகாயம் மனநல மையத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1957-இல் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) தொடங்கிய மையம் அது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் உடன் தங்க வேண்டும் என்பது அங்கே முறை. அம்மாதான் தங்கினார். நான் தேறியதைவிட அம்மா கற்றுக்கொண்டது அதிகம் என்று இன்றும் நினைக்கிறேன். மாத்திரையின் பெயர், வேளை, தூக்கம் குறைவதைக் கவனிப்பது எல்லாம் அவருக்கு அங்கே பழக்கமாயிற்று. காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் ஒரு வசதியும் உண்டு. மருத்துவக் கல்லூரிக்கும் அதுதான், பொறியியல் கல்லூரிக்கும் அதுதான். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

வெளியே வந்ததும் பெரியப்பா இலேசான வேலை பார்த்துக் கொடுத்தார். காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் இரவு நேர ரிசப்ஷன். "சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்றார். வேலூர் லாட்ஜைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சி.எம்.சி.க்கு வருகிறவர்களை இறக்கிவிடும் ரயில்கள் காட்பாடிக்கு நேரங்கெட்ட நேரத்தில்தான் வந்து சேரும். நள்ளிரவில் பெட்டி படுக்கையோடு ஒரு குடும்பம் வந்து நிற்கும். வங்கதேசத்துக்காரர்கள் என்றால் பாஸ்போர்ட், விசாவைப் பார்த்து, 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் படுத்த சிறிது நேரத்தில், காலைப் பரிசோதனைக்கு முன்கூட்டியே போய் வரிசையில் நிற்பவர்கள் எழுந்து சாவியைக் கொடுப்பார்கள். இடையில் கிடைக்கும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, எதற்கும் பயன்படாத நினைவுகளை எண்ணிக்கொண்டிருக்கலாம். உடம்புக்கு அதைவிட இலேசான வேலை நான் பார்த்ததில்லை. மனதுக்கு அதைவிடக் கொடிய வேலையும் பார்த்ததில்லை. பகலில் எவ்வளவு தூங்கினாலும் இரவுத் தூக்கத்தின் கடன் அடையவில்லை.

அடுத்து வந்த யோசனை ஃபைனான்ஸ் கம்பெனிக்கு வசூல் வேலை. பகல் வேலை, பைக்கில் சுற்றலாம், பெட்ரோல் காசும் உண்டு. இதை நான் சேராமலேயே மறுத்துவிட்டேன். காரணம், இந்த நோய்க்கு நான் சாப்பிடும் லித்தியம் என்ற மருந்து. ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஒரு குறுகிய வரம்புக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் நஞ்சு. வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். கை நடுங்கும், வயிறு போகும், நடை தள்ளாடும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சத்துவாச்சாரிக்கும் விருதம்பட்டுக்கும் அலைகிறவனுக்கு லித்தியம் சரிப்படாது. இதைப் பெரியப்பாவுக்கு விளக்கினேன். "நோயைச் சாக்காக வைத்துச் சோம்பேறியாகிவிட்டான்" என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும்.

இப்போது மேல்விஷாரத்தில் ஷூ உதிரிப் பொருள்கள் விற்கும் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ஐலெட் (லேஸ் கோக்கும் துளைக்கான சிறு வளையம்), பக்கிள், நூல்கண்டு, இன்சோல் போர்டு, பசை டின். வந்ததை எண்ணி வரவு வைக்க வேண்டும், போனதைக் கழிக்க வேண்டும், அட்டையில் இருப்பும் ரேக்கில் இருப்பும் ஒத்துப்போக வேண்டும். இது இலேசான வேலை அல்ல. பசை டின் கனமானது, நாள் முழுவதும் நிற்க வேண்டும், ஐந்தாயிரம் ஐலெட் உள்ள பொட்டலம் உடைந்தால் அழுகை வரும். ஆனால் மாலை ஆறு மணிக்குக் கிடங்கு மூடும். தலைக்கு மேல் கூரையும் பக்கத்தில் தண்ணீர்க் குடமும் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட, இந்த வேலை காத்திருக்கும். மனம் மந்தமான நாளில் அரை ரேக் மட்டும் எண்ணிவிட்டு மீதியை நாளைக்குத் தள்ளலாம். எண்ணப்படாத பக்கிள் ஒரு நாளில் கெட்டுப்போகாது. கன்டெய்னர் அப்படிக் காத்திருக்காது, அறை கேட்டு நிற்கும் நோயாளியும் காத்திருக்க மாட்டார். வேலையை மதிப்பிட நான் கேட்கும் கேள்வியே இப்போது இதுதான்: என் மோசமான நாளில் இந்த வேலை என்ன ஆகும்?

முதலாளி பாயிடம் சொல்வதா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும் என்பதால் அந்தக் காலை வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் ஒரு தூரத்து உறவினரைச் சாகடிக்க முடியாது. சொல்லிவிட்டேன்.

பாய் கேட்டது ஒன்றுதான். "கணக்கு தப்புமா?"

"தப்பும் என்று தெரிந்தால் அன்றைக்கு வர மாட்டேன், பாய்."

"வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது."

"சரி, பாய்."

இதைவிட நேர்மையான நேர்முகத் தேர்வு எனக்கு அமைந்ததில்லை. எல்லோரும் முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷூ கம்பெனியில் சொல்லியிருந்தால் அதே வாரம் கணக்கை முடித்திருப்பார்கள்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் மனநோயையும் உள்ளடக்கிய பிரிவுக்கு 1 சதவீதம். அதற்கு 40 சதவீதப் பாதிப்பு என்ற சான்றிதழ் வேண்டும். தன்னைப் பேணுவது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்குக்கும் மதிப்பெண் போட்டு, நோயின் காலத்தையும் சேர்த்து 20-க்குக் கணக்கிடுகிறார்கள். 7 வந்தால் 40 சதவீதம். ஒழுங்காகக் குளித்து, வேலைக்கும் போய்க்கொண்டிருப்பவனுக்கு அது வருவது கடினம். எனக்கு வரவில்லை. அந்த ஒழுங்கைக் காப்பாற்ற எதையெல்லாம் விட்டுக்கொடுத்தேன் என்பதை எண்ண அதில் கட்டமில்லை.

சம்பளம் மெர்ச்சண்டைசர் வாங்கியதில் பாதிகூட இல்லை. அம்மாவின் கணக்கில் இன்னும் அது நெருடுகிறது. ரம்ஜான் மாதத்தில் மட்டும் சிக்கல். நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகையும் முடிந்த பிறகுதான் மேல்விஷாரம் சுறுசுறுப்பாகும்; கிடங்கிலும் இரவில் சரக்கு ஏற்றுவார்கள். என்னால் இருக்க முடியாது என்றேன். பாயின் மகன் இரவைப் பார்த்துக்கொள்கிறார். சீட்டுகளை ஆணியில் குத்திவைத்துவிட்டுப் போகிறார், காலையில் நான் ஏட்டில் ஏற்றுகிறேன். அவர் கையெழுத்தில் 0 எது, 6 எது என்று கண்டுபிடிக்கும் வேலையை மட்டும் யாரும் எனக்கு இலேசாக்கித் தரவில்லை.