வாளியில் நீந்திய விரால்

போன ஞாயிறு காலையில் ஆச்சி முக்கால் கிலோ விரால் ஒன்றை உயிரோடு வாங்கி வந்து புறவாசல் வாளியில் விட்டிருந்தாள். தங்கச்சிக்கு ஏழாம் மாதம். விரால் உடம்புக்குப் பலம் என்று ஆச்சி அடித்துச் சொல்வாள்.

"எங்க பிடிச்சதாம் ஆச்சி?"

"நயினார்குளத்துலதான்."

எனக்குப் பகீரென்றது. நெல்லைக் கால்வாய்த் தண்ணீரோடு திருநெல்வேலி டவுன் சாக்கடையும் கலக்கும் குளம் அது.

"நல்லா கொதிக்க வச்சா எதுவும் நிக்காதுட்டி. புளித்தண்ணியில அலசுனா சேத்து வாடையும் போயிரும்."

ஆச்சி சொன்னதில் பாதி உண்மை. கொதித்தால் கிருமியும் புழுவும் சாகும். சேற்று வாடை குளத்துப் பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்குவது. புளி அதைக் குறைக்கும். ஆனால் குளத்துச் சேற்றில் இருக்கக்கூடிய பாதரசம் என்ற நச்சு உலோகத்துக்கு வாடையே கிடையாது, எவ்வளவு கொதித்தாலும் சதையை விட்டுப் போகாது. வாடை போனதும் மீன் சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பயம்.

சேற்றில் இருக்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக, அதாவது உடம்பில் எளிதில் சேரும் வடிவமாக, மாற்றும். அது பாசிக்கும் பூச்சிக்கும் போய், குஞ்சு மீனுக்குப் போய், குஞ்சு மீனைத் தின்னும் விராலில் சேர்ந்துகொண்டே இருக்கும். தாயின் ரத்தம் வழியாகக் கருவுக்கும் போகும். மீன் வழியாக இந்தப் பாதரசம் உடம்பில் ஏறியதால் வந்த ஜப்பானின் மினமாட்டா நோய் வெளியே தெரிந்தது 1956இல். அங்கே பெரிதாக நோய் தெரியாத தாய்மாருக்குக்கூட மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெத்தில் பாதரசத்துக்கு உலக நிபுணர் குழு வைத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். தங்கச்சி 60 கிலோ; அப்படியென்றால் 96. ஒரு கிலோ மீனில் அரை மில்லிகிராம் இருந்தாலே 200 கிராம் மீனில் 100 மைக்ரோகிராம் வந்துவிடும். குழம்பில் ரெண்டு பெரிய துண்டு, அவ்வளவுதான்! அந்த வாளி விராலில் எவ்வளவு இருந்தது என்று ஆய்வகம்தான் சொல்லமுடியும். பார்வைக்கு அது கறுப்பாக, வழவழப்பாக, துள்ளிக்கொண்டுதான் இருந்தது.

பாசி தின்னும் ஜிலேபி மீனில் பாதரசம் பொதுவாகக் குறைவு. அதற்காக அதையும் அப்படியே சட்டியில் போட்டுவிடக் கூடாது. சாக்கடை கலந்த தண்ணீரின் ஈயமும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் செவுள், ஈரல், குடலில்தான் அதிகம் தங்கும், ஈயம் முள்ளிலும். தலையையும் முள்ளையும் உறிஞ்சிச் சாப்பிடுகிற வீடு எங்களுடையது.

ஆச்சியிடம் சண்டை போடவில்லை. மார்க்கெட்டுக்குப் போய் தூத்துக்குடிச் சாளை ஒரு கிலோ வாங்கி வந்தேன். சின்னக் கடல் மீன், பாதரசம் குறைவு, பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பும் அதில் உண்டு. ஆச்சி வாளியை ஒருதரம் பார்த்தாள். அப்புறம் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாளையின் செதிளை நகத்தால் தள்ளிக்கொண்டே, "முள்ளு அதிகம், பிள்ளைக்குப் பாத்து எடுத்துக் குடு" என்றாள்.