ஜாக்கெட் நனையல, நான்தான் நனைஞ்சேன்

சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்ச புதுசுல நான் வாங்குன முதல் ஜாக்கெட் ஒரு மழை ஜாக்கெட். டேக்ல தண்ணி தாங்குற அளவு 20,000 மில்லிமீட்டர்னு போட்டிருந்துச்சு, உள்பக்கம் தையல் மேலெல்லாம் டேப் ஒட்டியிருந்துச்சு, போட்டுக்கிட்டு கைய அசைச்சா சரசரன்னு சத்தம் வரும். நம்பாம பாத்ரூம்ல ஷவருக்கு அடியில நின்னு வேற பாத்தேன், ஒரு சொட்டு உள்ள வரல. அப்புறம் என்ன, புதுக்குடை வாங்குன சின்னப்பையன் மாதிரி தினமும் வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

மழையும் வந்துச்சு. ஒரு மணி நேர ஏத்தம், மூச்சு வாங்க மிதிச்சு மேல போய் நின்னு கைய தொங்கப்போட்டா ரெண்டு ஸ்லீவ் முனையிலேர்ந்தும் தண்ணி சொட்டுது. மழைத்தண்ணி எப்படிடா உள்ள போச்சுன்னு பாத்தா, அத்தனையும் என் வேர்வை. வெளிப்பக்கம் மழைத்துளி முத்து முத்தா உருண்டு ஓடிட்டு இருக்கு, விளம்பரத்துல காட்டுறாங்களே அதே மாதிரி, உள்ள நான் ஊறப்போட்ட துணி. சரி இறங்கிடலாம்னு இறக்கத்துல விட்டேன் பாருங்க, ரெண்டாவது வளைவுலயே பல்லு கடகடன்னு அடிக்க ஆரம்பிச்சிருச்சு, நாலாவது வளைவுல பிரேக் புடிக்க விரல் மடங்க மாட்டேங்குது. ஓரமா நிறுத்தி ரெண்டு கையையும் அக்குள்ல சொருகிட்டு பத்து நிமிஷம் நின்னேன், கொட்டுற மழையில, ஒரு சொட்டு உள்ள விடாத ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு.

அதனால "நல்ல வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் எது"ன்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்குறது, எவ்ளோ அழுத்தி மிதிப்பீங்க, சூடானா எங்க நிறுத்தி கழட்டுவீங்க. இது ரெண்டுக்கும் பதில் தெரியாம ஜாக்கெட் வாங்குனா என் கதைதான்.

கணக்கு ரொம்ப சிம்பிள். மிதிக்கும்போது உடம்பு எரிக்கிற எனர்ஜில ஒரு 20-லேர்ந்து 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகுது, மிச்சமெல்லாம் சூடு. அப்ப பெடல்ல 200 வாட் மிதிக்கிறவன் உடம்புக்குள்ள 600, 800 வாட் சூட்டைக் கிளப்பிட்டு இருக்கான், ஒரு சின்ன ரூம் ஹீட்டரை சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு போற மாதிரி. அந்த சூட்ட வெளிய தள்ளத்தான் வேர்வை, அது ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் கூட போகும். ஒரு லிட்டர் தண்ணிய சட்டைக்குள்ள ஊத்திக்கிட்டா என்ன ஆகுமோ அதுதான் எனக்கு ஆச்சு. ஏறும்போது ஹீட்டர் ஓடிட்டே இருந்ததால தெரியல, இறக்கத்துல கால் நின்னுச்சு, ஹீட்டர் ஆஃப், ஈரத்துணி மட்டும் உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கு. காத்தைவிட தண்ணி 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை உறிஞ்சும், அப்புறம் பல்லு அடிக்காம என்ன பண்ணும்.

"ஆனா ப்ரீத்தபிள், வேர்வை ஆவி வெளிய போயிரும்னு போட்டிருந்துச்சே"ம்பீங்க. நானும் அதைத்தான் சொல்லிப் பொலம்பிட்டு இருந்தேன். தண்ணிய நிறுத்தி ஆவிய மட்டும் விடுற மெல்லிய படலத்தைத்தான் மெம்ப்ரேன்ம்பாங்க, அதுல பேர்போன கோர்டெக்ஸ் பொறந்த கதை இது, நான்ஸ்டிக் பாத்திரத்துல பூசுறாங்களே பி.டி.எஃப்.இ, அதை 1969-ல பாப் கோர் சூடு பண்ணி மெதுவா இழுத்துப் பாத்தாரு, அறுந்துக்கிட்டே இருந்துச்சு, கடுப்புல வெடுக்குன்னு இழுத்தாரு, அது பாட்டுக்கு பல மடங்கு நீண்டு உள்ள நுணுக்கு நுணுக்கு ஓட்டையா ஆயிருச்சு. தண்ணித்துளி நுழைய முடியாத அளவுக்கு சின்ன ஓட்டை, ஆனா ஆவி போயிரும். கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்த ஆவி வெளிய போகணும்னா உள்ள இருக்குற ஈரப்பதத்தைவிட வெளிய கம்மியா இருக்கணும், அந்த வித்தியாசம்தான் ஆவியைத் தள்ளிவிடுறது. குளிர்காலத்துல வெளிய காத்து வறண்டிருக்கும், நல்லா வேலை செய்யும். வெதுவெதுன்னு இருக்குற மழைநாள்ல வெளியவும் புழுக்கம், உள்ளயும் புழுக்கம், ஆவி எங்க போகும்? அங்கயே தண்ணியா மாறி ஸ்லீவ்ல இறங்கும்.

அதனால 20 டிகிரிக்கு மேல மழை பெஞ்சா நான் மழை ஜாக்கெட்டைத் தொடுறதே இல்ல. நனையுறேன். சும்மா நனைஞ்சா குளிராது, மிதிச்சிட்டு இருக்கிற வரைக்கும் உடம்பே காயவெச்சுக்கும். காத்து மட்டும் அடிக்காம ஒரு கை இல்லாத ஜாக்கெட், அதாவது ஜிலே, போதும்.

ஜிலே பத்தி கொஞ்சம் பெருசாவே சொல்லணும், ஏன்னா ஒரே ஒண்ணுதான் வாங்க முடியும்னா அதைத்தான் வாங்கச் சொல்லுவேன். முன்பக்கம் காத்து போகாத மெல்லிசு துணி, முதுகுல வலை, கை கிடையாது, சுருட்டுனா கைக்குட்டை சைஸ்ல ஜெர்சி பாக்கெட்ல போயிரும், எடை 100 கிராம் பக்கம். நெஞ்சுல காத்து அடிக்காம இருந்தாலே பாதிக் குளிர் போயிருது, கைவழியா சூடு வெளிய போயிட்டே இருக்கும். சைக்கிள்ல குளிர்ங்கறது பெரும்பாலும் நாமளே உண்டாக்கிக்கிற காத்து. தெர்மாமீட்டர்ல 10 டிகிரி காட்டுதுன்னு வைங்க, 30 கிலோமீட்டர் வேகத்துல போனா விண்ட்சில் கணக்குப்படி உடம்புக்கு 7 டிகிரி மாதிரி, 5 டிகிரின்னா பூஜ்யம் மாதிரி. நடந்து போறவன் ஸ்வெட்டர் போட்டா போதும்னு நெனைக்கிற அதே தெருவுல நமக்கு நெஞ்சு சில்லிட்டுப் போறது இதனாலதான். இந்த ரகசியம் பழைய ஆளுங்களுக்கு ஜிலே வர்றதுக்கு முன்னாடியே தெரியும், டூர் டி பிரான்ஸ்ல மலை உச்சில ரசிகர்கள்கிட்ட நியூஸ்பேப்பரை வாங்கி ஜெர்சிக்குள்ள நெஞ்சுல சொருகிக்கிட்டு இறங்குவாங்க. நானும் ஒருதடவை செஞ்சு பாத்திருக்கேன், சத்தியமா வேலை செய்யுது, என்ன, வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டுனா வயித்துல தலைப்புச் செய்தி அச்சாகி இருந்துச்சு.

ஜிலே பத்தலைன்னா அடுத்தது முழுக்கை விண்ட் ஜாக்கெட், வெங்காயத்தோல் மாதிரி இருக்கும், லேசான தூறலைத் தாங்கும். ஒரே விஷயம் பாத்துக்கோங்க, ஸ்லீவ் தொளதொளன்னு இருந்தா காத்துல படபடபடன்னு அடிச்சிட்டே வரும், ரெண்டு மணி நேரம் காதுக்குள்ள கொடி பறக்குற மாதிரி, பைத்தியம் புடிச்சிரும்.

குளிரும் தூறலும் சேர்ந்து வர்ற நாள்தான் ரொம்ப சிக்கல். 5 டிகிரி, மழை விட்டு விட்டுப் பெய்யுது, நாம அழுத்தி மிதிக்கிறோம். இங்க முழு வாட்டர்ப்ரூஃப் போட்டா வேர்வை, போடலன்னா விறைச்சிரும். இதுக்குன்னே ஒரு வகை இருக்கு, உடம்போட ஒட்டுன மாதிரி, இழுத்தா நீளுற, காத்தை முழுசா நிறுத்தி மழையை ஓரளவுக்கு மட்டும் நிறுத்துற சாஃப்ட்ஷெல். காஸ்டெல்லி கம்பெனியோட காபா ஜெர்சியாலதான் இது பிரபலமாச்சு. 2013 மார்ச் 17, மிலான்-சான் ரெமோ ரேஸ், பனி கொட்டி நடுவுல ரேஸையே நிறுத்தி ஆளுங்கள பஸ்ல ஏத்தி மலையைத் தாண்டி இறக்கிவிட்டு மறுபடி ஓட விட்டாங்க. அன்னைக்கு வேற கம்பெனி ஸ்பான்சர் பண்ற டீம் ஆளுங்ககூட காபாவைப் போட்டுக்கிட்டு லோகோவ மட்டும் கறுப்பு மார்க்கரால அழிச்சிட்டு ஓட்டுனாங்க. இதைவிட என்ன விளம்பரம் வேணும். ஆனா ஒண்ணு, காபா வாட்டர்ப்ரூஃப் கிடையாது, ரொம்ப நேரம் மழை பெஞ்சா நனைஞ்சிரும். நனைஞ்சாலும் காத்து உள்ள வராம, உள்ள இருக்குற ஈரத்தை உடம்பு சூடாவே வெச்சுக்கும், ரேஸ்காரங்களுக்கு அது போதும். எனக்கும் மழைக்கால ஓட்டத்துல பாதி இதுலதான்.

மலைக்குப் போறவங்களுக்கு: 1000 மீட்டர் ஏறுனா சராசரியா ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்துல 15 டிகிரின்னு ஜாலியா கிளம்புவோம், 1500 மீட்டர் ஏறி முடிக்கும்போது அங்க 5 டிகிரி, சட்டை ஈரம், இனிமே 50 கிலோமீட்டர் வேகத்துல இறக்கம். போட்டுக்கிட்டு ஏறாதீங்க, பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஏறுங்க, உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடியே, விரல் இன்னும் சொன்ன பேச்சு கேக்கும்போதே போட்டுக்கோங்க. 1988-ல இத்தாலியோட பெரிய ரேஸான ஜீரோ டி'இத்தாலியால காவியா மலையில பனிப்புயல் அடிச்சப்ப ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்னைக்கு முன்னணில இருக்குறவருக்குக் குடுக்குற பிங்க் ஜெர்சிய வாங்குனதுக்கு கால் மட்டும் காரணம் இல்ல, அவரோட டீம் முன்னாடியே பனிச்சறுக்குக் கடைக்குப் போய் கிளவுஸ், தொப்பின்னு வாங்கி வெச்சிருந்துச்சு. அந்த வருஷம் அந்த ரேஸையே ஜெயிச்சாரு, அதை ஜெயிச்ச முதல் அமெரிக்கர்.

சரி, நெஜமான மழை ஜாக்கெட் எப்ப? 10 டிகிரிக்குக் கீழ, விடாம பெய்யுற மழை, இல்லன்னா மெதுவா போற நீண்ட பயணம். டேக்ல ரெண்டு நம்பர் இருக்கும். 10,000 மில்லிமீட்டர்னா துணி மேல 10 மீட்டர் உயரத்துக்கு தண்ணி நின்னாலும் தாங்கும்னு அர்த்தம், சைக்கிளுக்கு அதுவே தாராளம், தோள்ல பை மாட்டுனா அந்த அழுத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் மேல போகலாம். இன்னொரு நம்பர் ஒரு சதுர மீட்டர் துணி வழியா ஒரு நாள்ல எத்தனை கிராம் ஆவி வெளிய போகும்ங்கறது, இதை ஆளாளுக்கு ஒவ்வொரு முறையில டெஸ்ட் பண்றதால ஒரு கம்பெனி நம்பரை இன்னொண்ணோட ஒப்பிடுறதே வேஸ்ட். நான் நம்பரை விட்டுட்டு ஜிப்பைத்தான் பாப்பேன். கீழேர்ந்தும் மேலேர்ந்தும் திறக்குற ரெண்டு வழி ஜிப் இருக்கா, அக்குள்ல காத்து போற திறப்பு இருக்கா, ஜிப் நாக்குல கிளவுஸ் போட்ட கையால புடிக்கிற மாதிரி கயிறு இருக்கா. எந்த மெம்ப்ரேனும் திறந்த ஜிப்புக்கு ஈடாகாது.

போட்டுப் பாக்கும்போது கண்ணாடி முன்னாடி நிமிந்து நிக்கவே நிக்காதீங்க, எல்லா ஜாக்கெட்டும் நிமிந்து நின்னா அழகாத்தான் இருக்கும். குனிஞ்சு ரெண்டு கையையும் ஹேண்டில்பார் புடிக்கிற மாதிரி முன்னாடி நீட்டுங்க. மணிக்கட்டு வெளிய தெரியுதா, முதுகு கீழ தூக்கிக்குதா, வயித்துல மடிஞ்சு மூட்டை கட்டுதா, கழுத்து இறுக்குதா. சைக்கிள் ஜாக்கெட் நின்னா முன்பக்கம் குட்டையாவும் பின்பக்கம் வால் மாதிரி நீளமாவும் அசிங்கமாத்தான் தெரியணும். அந்த வால் இல்லன்னா பின் சக்கரம் அடிக்கிற சேத்துத்தண்ணி நேரா உக்காருற எடத்துக்குத்தான் வரும். மட்கார்ட் மாட்டுங்க, அதுவும் பாதி ஜாக்கெட்தான்.

கலர் விஷயத்துல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு. அந்த பளீர் மஞ்சள் பகல்லயும் மங்குன சாயங்காலத்துலயும் சூரியனோட புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அப்படி ஜொலிக்குது, ராத்திரில அது வெறும் மஞ்சள் சட்டை. ராத்திரிக்கு வேணுங்கறது ஹெட்லைட்டை அப்படியே திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டிவ் பட்டை, அதுவும் முதுகோட நிக்காம கணுக்கால்லயும் இருந்தா ஏறி இறங்குறது தெரியும், சைக்கிள்காரன்னு வண்டிக்காரருக்கு சட்டுன்னு புரியும்.

உள்ள என்ன போடுறோம்ங்கறதும் இருக்கு. காட்டன் பனியன் மட்டும் வேணாம், தண்ணியக் குடிச்சிட்டு விடாது. பாலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ, எதுவா இருந்தாலும் ஒட்டுன மாதிரி இருக்கணும். கிளம்பி முதல் பத்து நிமிஷம் லேசா குளிருச்சுன்னா சரியா போட்டிருக்கோம். வாசல்லயே கதகதப்பா இருந்தா திரும்பிப் போய் ஒண்ணைக் கழட்டிட்டு வந்துருவேன்.

அப்புறம் துவைக்கிறது. ரெண்டு வருஷம் ஆனதும் "ஜாக்கெட் ஒழுகுது"ன்னு தூக்கிப் போடுறாங்க, பாதி நேரம் ஒழுகவே இல்ல. மேல்துணியில தண்ணி ஒட்டாம இருக்க பூசியிருக்குற கோட்டிங் அழுக்கு, எண்ணெய், வேர்வையால மங்கிப்போய் துணி தண்ணியக் குடிச்சிருது, மெம்ப்ரேன் மேல ஈரப்போர்வை போத்துன மாதிரி, ஆவி போகாது, உள்ள சில்லுன்னு ஈரம், நாம ஒழுகுதுன்னு நெனைச்சுக்குவோம். துணி சாஃப்ட்னர் போடாம துவைச்சு, லேபிள்ல சூடு அனுமதிச்சிருந்தா ட்ரையர்ல கம்மி சூட்டுல சுத்தவிட்டா பாதி உயிர் வந்துரும், வரலன்னா அதே கோட்டிங்கை ஸ்ப்ரேயா அடிக்கணும். மேல்துணியே இல்லாம மெம்ப்ரேனை வெளிய காட்டுற ஷேக்ட்ரைன்னு ஒண்ணு இருந்துச்சு, உதறுனா காஞ்சிரும், கோட்டிங்கே தேவையில்ல. ஆனா அதைச் செய்யுற ரசாயனம் சுற்றுச்சூழலுக்கு ஆகாதுன்னு நிறுத்திட்டாங்க. இப்ப வர்ற கோட்டிங்கும் ஃப்ளூரின் இல்லாததுதான் அதிகம், நல்லதுதான், ஆனா அடிக்கடி துவைச்சு அடிக்கடி பூசணும்.

அந்த முதல் ஜாக்கெட் இன்னும் கொக்கில தொங்குது. வேலைக்குப் போற அஞ்சு கிலோமீட்டருக்குப் போட்டுக்குறேன், மேடு இல்ல, அவசரம் இல்ல, மூச்சு வாங்குறதில்ல, உள்ள ஆபீஸ் சட்டை. போய் இறங்கி ஒரு உதறு உதறி நாற்காலில மாட்டுனா, சட்டைல காலர் கூட நனைஞ்சிருக்காது.