பொம்மைக்குச் சிக்கல், டீச்சருக்குச் சுகப்பிரசவம்

சனிக்கிழமை நடந்ததை நினைத்து நினைத்து இன்னும் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சின்னவள் மட்டும் முறைக்கிறாள். மாட்டிக்கொண்டது அவள் பொம்மை, அவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

நான் பிரசவ வார்டு நர்ஸ். லேபர் ரூமில் நான் எப்படி என்று கூட இருப்பவர்களுக்குத் தெரியும். நடுராத்திரியில் மூன்று கேஸ் ஒன்றாக வந்தாலும் குரல் உயராது, கை நடுங்காது. அப்பேர்ப்பட்டவளை, "சிஸ்டர், நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே, கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுங்க" என்று மேலிடம் கோத்துவிட்டது. அன்று முதல் வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் தூக்கம் போச்சு. ஏன் என்று யோசித்தும் பார்த்துவிட்டேன். வலியில் இருக்கிறவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கை, காதில் விழ ஒரு குரல், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். வகுப்பிலோ, வலி எதுவும் இல்லாத ஜோடிகள் வரிசையாக உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார்கள். நோட்டுப் புத்தகம் வேறு. முன்வரிசையில் ஒருத்தர் இருக்கிறார், நான் தும்மினால்கூட தேதி போட்டுக் குறித்துக்கொள்வார்.

இதில் கொடுமை, முதல் பாடமே பயத்தைப் பற்றியது. பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் கூடும். கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1930களிலேயே சொன்ன சுற்று இது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசினுக்கு முட்டுக்கட்டை போடும். இதையெல்லாம் நான் தொண்டை வறண்டு, உள்ளங்கை வேர்த்து, மைக் பிடிக்காத கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு விளக்குவேன். அந்த நேரத்தில் எனக்குப் பிரசவ வலி வந்திருந்தால், நான் சொன்ன பாடப்படியே நின்றுபோயிருக்கும்.

வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம். "எதிர்ல யாருமே இல்லைன்னு நினைச்சுக்கோ" என்றார் எங்க வீட்டு ஐயா. யாருமே இல்லை என்றால் நான் எதற்குச் சனிக்கிழமை லீவை விட்டுவிட்டுப் போகணும்? நாத்தனார் கண்ணாடி முன்னால் பேசிப் பழகச் சொன்னாள். பழகினேன். கண்ணாடியில் இருந்தவள் என்னைவிட அதிகமாகப் பயந்தாள். மாமியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, "நாங்கள்லாம் வகுப்புக்குப் போயா பெத்தோம்?" என்பதோடு முடித்துக்கொண்டார்.

உருப்படியாகச் சொன்னது ரிட்டயர் ஆன எங்கள் பெரிய சிஸ்டர்தான். "முன்னாடியே போயிடு. வாசல்ல நின்னு, வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசு. அப்புறம் அது கூட்டமில்லை, தெரிஞ்சவங்க. ஆரம்பிச்சதும் நீ பேசாதே. எதை நினைச்சா பயமா இருக்குன்னு அவங்களைக் கேளு. அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள உனக்கு மூச்சு வந்துரும். தெரியாததைக் கேட்டா, கேட்டுச் சொல்றேன்னு சொல்லு, யாரும் உன்னைத் தூக்குல போட மாட்டாங்க. கையில எதையாவது வச்சுக்கோ." இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும் என்றும் சொன்னார். நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடத்தை எனக்கே நடத்துகிறாரே என்று இருந்தது. அவரிடம் கற்றதுதானே, நடத்தட்டும்.

கையில் வைத்துக்கொள்ள என்னிடம் பொருளுக்கா பஞ்சம்? இடுப்பெலும்பு மாடல் ஒன்று, துணிப் பொம்மை ஒன்று, பலூன், பந்து. "நீ டென்ஷன் ஆகாதே, பையை நான் ரெடி பண்றேன்" என்றார் ஐயா. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் கட்டிய எந்தப் பையில் எது சரியாக இருந்திருக்கிறது? அந்த நேரம் பார்த்து எனக்கு அது தோன்றவில்லை.

முதல் பாதி நன்றாகவே போனது. பலூனுக்குள் டேபிள் டென்னிஸ் பந்தைப் போட்டு ஊதி, மேலிருந்து விட்டுவிட்டு அழுத்தினால் பலூனின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி, மெலிந்து, விரிந்து, பந்து எட்டிப் பார்க்கும். கர்ப்பப்பை வாய் மெலிந்து 10 சென்டிமீட்டர் வரை திறப்பதைக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. பலூன் வெடிக்கவில்லை. பாதி நிம்மதி.

அடுத்தது பொம்மை. பைக்குள் கையை விட்டால் துணிக்குப் பதில் பிளாஸ்டிக். சின்னவளின் பொம்மை! மண்டை கெட்டியாக, பெரிசாக, கன்னம் உப்பி, அழுத்தினால் கண் மூடித் திறக்கிற ரகம். எல்லார் கண்ணும் என் மேல். சரி, வந்தது வரட்டும் என்று தலையை இடுப்பெலும்புக்குள் விட்டேன். பாதி போனது. நின்றது. தள்ளினேன், அசையவில்லை. இழுத்தேன், அதற்கும் அசையவில்லை. ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, பொம்மை வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். முன்வரிசை நோட்டுப் புத்தகக்காரர் பேனாவை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்போ... இது சிசேரியனா மேடம்?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஒன்பதாம் மாதக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க மேடம், பாத்ரூம் தூரமா இருக்கு" என்று கெஞ்சினாள். எனக்கும் கண்ணில் தண்ணீர்.

கடைசி வரிசையில், மகளுக்குத் துணையாக வந்திருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார். நாலு பெற்றவராம். "இப்படிக் குடு கண்ணு. பீரோவை வாசல்ல நுழைக்கறப்ப நேராவா தள்ளுவோம்? சாய்ச்சு, திருப்பித்தானே கொண்டு போவோம்?" என்று வாங்கினார். பொம்மையை வெளியே உருவி, முகத்தைப் பக்கவாட்டில் வைத்து உள்ளே இறக்கி, நடுவில் ஒரு திருப்பு திருப்பி, முகம் தாயின் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி வெளியே எடுத்தார். இழுபறியே இல்லை.

அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை. அந்தம்மா செய்ததுதான் அத்தனை குழந்தைகளும் செய்வது என்றேன். இடுப்பெலும்பின் நுழைவாசல் பக்கவாட்டில் அகலம், ஏறக்குறைய 13 சென்டிமீட்டர், முன்பின்னாக 11. வெளிவாசலில் அது அப்படியே தலைகீழ், முன்பின்னாகத்தான் அகலம். அதனால் தலை பக்கவாட்டில் நுழைந்து, திரும்பி வெளியே வருகிறது. குழந்தை தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டால் பாதையில் வரவேண்டிய தலையின் அளவு ஒன்பதரை சென்டிமீட்டர். நிமிர்ந்து வந்தால் இன்னும் கூடும். பிளாஸ்டிக் மண்டை அழுங்காது, நிஜக் குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் இணையாததால் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறி வழிவிடும். நம் இடுப்பெலும்பும் இந்த மாடல் மாதிரி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதில்லை, மூட்டுகள் கொஞ்சம் நெகிழும். மல்லாந்தே கிடக்காமல் நடந்து, குனிந்து, குந்தி, ஒருக்களித்து இருந்தால் பாதைக்கு இடம் கிடைக்கும்.

இதுவரை வாயே திறக்காத கணவன்மார்கள்கூட, பீரோ என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் ஏதோ ஒரு வீடு மாறும்போது ஏதோ ஒரு மாடிப்படியில் முதுகைப் பிடித்துக்கொண்டவர்கள். நோட்டுப் புத்தகக்காரர், எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று கேட்டார். முதல் பிரசவம் என்றால், வலி 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, ஒவ்வொன்றும் 1 நிமிஷம் நீடித்து, 1 மணி நேரமாக அப்படியே இருந்தால் கிளம்பலாம். பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே கிளம்பணும் என்றேன். கட்டம் போட்டு எழுதினார். மைக் எங்கே என்று பார்த்தால், அது எப்போதோ அணைந்து மேசைக்கு அடியில் கிடக்கிறது. நேரம் முடிந்து வெகுநேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னால் ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பையைக் கட்டினது யாரு?" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். சின்னவள் பொம்மையின் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, இனி என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

மாமியார்தான் ரெண்டு நாளாக முகம் கொடுக்கவில்லை. என்னவென்று கேட்டால், "திரும்பித்தான் வரும்னு எனக்குத் தெரியாதா? மூணு பெத்தவ வீட்டுலயே இருக்கேன், கேட்டியா? யாரோ வந்து பீரோன்னு சொன்னா மட்டும் கை தட்டறே!" கேட்டிருந்தால் "வகுப்புக்குப் போயா பெத்தோம்" என்றுதான் சொல்லியிருப்பார். அதை நான் சொல்லவில்லை, எனக்கும் குடும்பம் நடக்கணும்.

இன்று காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு, அத்தை."

"நானும் வரேன். ஒரு ஓரமா உட்கார்ந்துக்கறேன், வாயே திறக்க மாட்டேன்."

பெரிய சிஸ்டரின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதற்கும் அவரிடம் ஏதாவது மூச்சுப் பயிற்சி இருக்கும்.