ஒரு கையால் ஆடிய வாலிபால்

ஊர் அணியில் என்னை உப்புக்குச் சப்பாணியாகத்தான் சேர்த்துக்கொள்வார்கள். இடது முழங்கைக்குக் கீழே கை கிடையாது. மாற்றுத்திறனாளிகள் நின்று ஆடும் வாலிபாலுக்கு வந்த பிறகுதான் வேறு கணக்கு தெரிந்தது. குறைபாட்டின் அளவை வைத்து ஏ, பி, சி என்று வகுப்பு பிரிப்பார்கள். களத்தில் ஆறு பேர். லேசான குறைபாடுள்ள ஏ ஒருவருக்கு மேல் கூடாது. கடுமையான குறைபாடுள்ள சி ஒருவராவது இருந்தே ஆகவேண்டும். அவர் இல்லாமல் அணியே இறங்க முடியாது.

மற்றபடி சலுகை ஒன்றுமில்லை. அதே பதினெட்டுக்கு ஒன்பது மீட்டர் களம்தான். எதிரணி அடிக்கும் சர்வீஸை எடுப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. இரண்டு கை இருப்பவர் கடைசி நொடியில் கையை நீட்டிச் சமாளித்துவிடுவார். நான் முன்கூட்டியே ஓடிப் பந்துக்கு நேராக நிற்கவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பந்து முழங்கை முனையில் பட்டுப் பக்கவாட்டில் பறக்கும். அதனால் என் பயிற்சியில் பாதி நேரம் காலுக்குத்தான்.

1976 டொராண்டோவிலிருந்து பாராலிம்பிக்கில் இருந்த ஆட்டம் இது. 2000 சிட்னியோடு எடுத்துவிட்டார்கள்; அங்கே கடைசித் தங்கம் ஜெர்மனிக்கு. அதன் பிறகு உட்கார்ந்து ஆடும் வாலிபால் மட்டும்தான். கால் இழந்த நண்பர்கள் பலர் அதற்கு மாறிவிட்டார்கள். நானும் முயன்றேன். அதில் தரையில் கையை ஊன்றித்தான் நகரவேண்டும். இருக்கும் ஒரே கையால் நகர்வதா, பந்தை எடுப்பதா? இந்த முடிவை எடுத்தவர்கள் கை இழந்தவர்களை நினைத்துப் பார்த்தார்களா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

கம்போடியாக்காரர்கள் விட்டுவிடவில்லை. கண்ணிவெடியில் கால் இழந்தவர்களை வைத்துத் தேசிய லீக்கே நடத்தினார்கள். 2007இல் நின்று ஆடும் உலகக் கோப்பை நடந்ததும் அவர்கள் தலைநகர் புனோம் பென்னில்தான். படித்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இங்கே சான்றிதழ்களோடு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டுப் போனால், “இது பாராலிம்பிக்கில் இருக்கா சார்?” என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் ஃபைலை மூடிவிடுவார்கள். கடைசியில் வேலை கிடைத்தது மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில். சான்றிதழ்களை அங்கே யாரும் கேட்கவே இல்லை.

சரி, ஆட்டத்தை விடவில்லை. அலுவலக அணிக்கு இப்போது நான்தான் லிப்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். ஒரே கையால் தூக்கிக் கொடுப்பதால், பந்து இரண்டு கையிலும் அடுத்தடுத்துப் பட்டது என்று நடுவர் எனக்கு ‘டபுள் டச்’ விசில் ஊத வழியே இல்லை. எதிரணியில் அதற்கும் ஒருவர் புகார் சொன்னார்.