இன்னும் திறக்கவில்லை

அலாஸ்காவின் அல்யெஸ்கா மலையிலுள்ள பனிச்சறுக்கு நிலையத்தில், ஆட்களை மேலே ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்டின் ஆபரேட்டராக வேலை பார்த்த குளிர்காலங்களில் வாய் ஓயாமல் நான் சொன்ன பதில் ஒன்று உண்டு: "இன்னும் திறக்கவில்லை." உடனே அடுத்த கேள்வி வரும்: "எப்போது திறக்கும்?" அதற்கு "தெரியாது" என்பதுதான் உண்மையான பதில். விடுமுறையைச் சேர்த்துவைத்து, விமானம் ஏறி, பெரிய தொகை கொடுத்து டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வது எளிதில்லை. ஆனால் அந்த இரண்டு பதில்களுக்காகவும் எத்தனை பேர் விடியுமுன் எழுந்து உழைக்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த மலையில் மிகக் கடினமான வேலை லிஃப்டையும் சரிவுகளையும் மூடிவைப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

மலை இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கரேஜ் நகரத்திலிருந்து சீவர்ட் நெடுஞ்சாலையில் தென்கிழக்கே 64 கிலோமீட்டர் போனால் கிர்ட்வுட் என்ற சிற்றூர். போகும் வழியெல்லாம் ஒரு பக்கம் டர்ன்அகெய்ன் ஆர்ம் என்ற, நிலத்துக்குள் நீண்டு நுழைந்த குறுகலான கடல்; மறு பக்கம் சுகாச் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே சாலைக்கும் ரயில் பாதைக்கும் மட்டுமே இடம் இருக்கிறது. அந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 9 மீட்டருக்கு மேல் மாறும். வற்றும்போது சாம்பல் நிறச் சேறு மைல் கணக்கில் தெரியும்.

பனிச்சறுக்கு நிலையத்தின் அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டர்தான். லிஃப்ட் முடியும் இடம் 838 மீட்டர். கொலராடோவின் பெரிய நிலையங்கள் பலவற்றில் அடிவாரமே 2,400 மீட்டருக்கு மேல் இருக்கும். அங்கே போனவர்களுக்கு முதல் நாள் தலைவலி, மூச்சுத் திணறல் எல்லாம் வரும். அல்யெஸ்காவில் அந்தத் தொல்லை கிடையாது. எண்களைப் பார்த்து இதைச் சின்ன மலை என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. வடக்கு முகத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தவுடன் அந்த எண்ணம் போய்விடும்.

அலாஸ்கா வளைகுடாவில் உருவாகும் புயல்கள் ஈரக்காற்றை அள்ளிக்கொண்டு வந்து இந்த மலைத்தொடரில் மோதுகின்றன. காற்று மேலே ஏறிக் குளிர்ந்து, சுமந்து வந்ததை எல்லாம் கொட்டிவிடுகிறது. மலை உச்சியில் ஆண்டுக்குச் சராசரியாக 669 அங்குலம், அதாவது 17 மீட்டர் பனி பெய்வதாக நிலையத்தார் சொல்கிறார்கள். கடல் அருகே இருப்பதால் குளிர் கடுமையாக இருப்பதில்லை. வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்தைச் சுற்றியே நிற்கும். ஒரு டிகிரி இப்படிப் போனால் பனி, அப்படிப் போனால் மழை. அந்த எல்லைக்கோடு மலையின் நடுவே எங்கோ ஓடும். மணிக்கு மணி ஏறி இறங்கும்.

அந்தக் கோட்டை நான் கண்ணால் பார்த்தது லிஃப்ட் நாற்காலிகளில்தான். கீழ் நிலையத்தில் மழையில் நின்றுகொண்டிருப்பேன். என்னைக் கடந்து ஏறிப்போகும் நாற்காலியின் இருக்கையில் நீர் தேங்கியிருக்கும். மேலிருந்து திரும்பி இறங்கி வரும் நாற்காலியில் ஒரு சாண் உயரத்துக்குப் பனி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாக வர வர, விளக்குமாற்றால் தட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து உட்காருகிறவர் நனைந்துபோவார். பஞ்சு போல உதிர்ந்தால் மேலே குளிர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மண் போலக் கட்டியாக விழுந்தால் மழைக்கோடு ஏறிக்கொண்டிருக்கிறது. வானிலை அறிக்கை வருவதற்கு முன்பே விளக்குமாறு எனக்குச் செய்தி சொல்லிவிடும். அதை ரேடியோவில் மேலே சொல்வேன். அவர்களுக்கும் அது பயன்பட்டது.

நாற்காலி ஏறுகிறவரின் முழங்காலுக்குப் பின்னால் சரியாக வந்து தொட வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் பனி மேடையின் உயரம் சரியாக இருக்க வேண்டும். மேல் நிலையத்தில் இருப்பவர்கள் பெய்த பனியை விடாமல் வெட்டி எடுத்து வெளியே தள்ளிக்கொண்டிருப்பார்கள். விட்டால் இறங்குகிறவர்களின் பலகை முனை பனியில் குத்திக்கொள்ளும். அதே நேரத்தில் கீழே நாங்கள் மழையில் கரைந்து தாழ்ந்துபோன மேடைக்கு வேறு இடத்திலிருந்து பனியை அள்ளிக்கொண்டு வந்து போட்டு மிதிப்போம். ஒரே லிஃப்ட், ஒரே மணி நேரம். இரண்டு முனைகளிலும் நேரெதிர் வேலை. கடலோர மலையில் வேலை பார்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

டிசம்பர் கடைசியில் அங்கே பகல் ஐந்தரை மணி நேரம்தான். சுற்றிலும் மலை என்பதால் பள்ளத்தாக்குக்குள் வெயில் விழுவது அதைவிடக் குறைவு. எங்கள் காலை ஷிஃப்ட் முழு இருட்டில் தொடங்கும். மேகத்திலுள்ள நீர்த்துளிகள் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மிதந்துகொண்டிருக்கும். எதிலாவது பட்டவுடன் அப்படியே பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். லிஃப்ட் கோபுரங்களில் காற்று வரும் திசையைப் பார்த்து இறகு இறகாக வெள்ளைக் கட்டி வளர்ந்திருக்கும். பார்க்க அழகு. ஆனால் கம்பியைத் தாங்கும் சக்கரங்களில் அது சேர்ந்தால் கம்பி தடம் விலகலாம். எனவே மெக்கானிக்குகள் இடுப்பில் கயிறு மாட்டிக்கொண்டு, இருட்டில் ஒவ்வொரு கோபுரமாக ஏறிச் சுத்தியலால் தட்டி உடைப்பார்கள். அந்தச் சத்தம் கீழே எங்களுக்குக் கேட்கும். வரிசையில் நிற்பவர்களுக்கு லிஃப்ட் ஓடவில்லை என்பது மட்டுமே தெரியும். அந்த நேரத்தில் ஒருவர் கோபுரத்தின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று நான் அவர்களிடம் எடுத்துச் சொல்வேன். சொன்னால் பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள்.

காற்று இன்னொரு கதை. ஆட்கள் உட்கார்ந்த நாற்காலியைவிடக் காலி நாற்காலிதான் அதிகம் ஆடும், எடை இல்லாததால். கோபுரத்தில் இடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆடினால் லிஃப்டை நிறுத்திவைக்க வேண்டியதுதான். கீழே மரங்களுக்கு நடுவே இலை அசையாது; மேலே ஆளைத் தள்ளும் காற்று வீசும். "இங்கே காற்றே இல்லையே" என்று ஒருவர் என்னிடம் கோபமாகக் கேட்டார். அவர் நின்ற இடத்தில் இல்லைதான். இதற்காக அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த உயர வித்தியாசத்தை உடம்பால் உணர்ந்தால்தான் நம்ப முடியும்.

மிகவும் பொறுப்பான மூடல், சரிவுகளின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் ஸ்கி பேட்ரோல் குழுவினுடையது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகம் விழும். நல்ல பனிச்சறுக்கு வீரர்கள் தேடி வருவதும் அதே சரிவுகளைத்தான். அதிலும் கடலோரப் பனிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஈரம் இருப்பதால் செங்குத்தான பாறையிலும் அப்பிக்கொள்ளும். கடலிலிருந்து தொலைவில் உள்ள உள்நாட்டு மலைகளில் வெறும் பாறையாக நிற்கும் சரிவுகள் இங்கே பனி போர்த்திச் சறுக்கத் தகுந்தவையாக ஆவது அதனால்தான். ஆனால் புயல் நேரத்தில் மணிக்கு மணி எடை ஏறும். அடியில் உள்ள பனி அந்த எடைக்குப் பழகுவதற்குள் மேலே உள்ளது பலகையாக உடைந்து சரியும்.

பேட்ரோல்காரர்கள் விடியற்காலையில் வெடிகளை எடுத்துக்கொண்டு மேலே போவார்கள். திட்டமிட்ட பாதையில், ஒருவர் நகர மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்துக்கொள்ள, ஆபத்தான சரிவுகளில் வெடி போட்டு, விழ வேண்டியதை ஆள் இல்லாதபோதே விழவைப்பார்கள். கீழே கொட்டகையில் நின்றால் மேகத்துக்குள்ளிருந்து அதிர்வு நெஞ்சில் வந்து தட்டும். வரிசையில் இருக்கும் உள்ளூர்க்காரர்கள் உடனே பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்கள். எந்தப் பக்கம், எத்தனை வெடி என்று காதாலேயே கணக்குப் போடுவார்கள். எந்தச் சரிவு முதலில் திறக்கும் என்று ஊகிப்பார்கள்.

உள்நாட்டு மலைகளில் பலவீனமான பனி அடுக்கு வாரக்கணக்கில் அடியில் கிடந்து பிறகு ஏமாற்றும். கடலோரத்தில் பெரும்பாலும் அப்படியில்லை. புயல் ஓய்ந்து ஓரிரு நாளில் பனி தன் எடையிலேயே இறுகிவிடும். ஆகவே இங்கே "நாளைக்குப் பார்ப்போம்" என்பது சாக்குப்போக்கு இல்லை. பொறுத்திருந்தால் நிஜமாகவே பலன் உண்டு. முக்கியமான விதிவிலக்கு, முழுப் பனியும் தரையோடு வழுக்கி இறங்குவது. முதலில் சரிவின் குறுக்கே பழுப்பு நிறத்தில் ஒரு விரிசல் திறக்கும். புல்லும் மண்ணும் அதில் தெரியும். நாளுக்கு நாள் அகலமாகும். எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெடி வைத்தாலும் பல நேரம் அசையாது. அதன் கீழே கயிறு கட்டி, அறிவிப்புப் பலகை வைத்து, காத்திருப்பது ஒன்றே வழி. வெயில் அடித்து, பனி நன்றாக இருந்து, மற்ற எல்லாம் திறந்திருக்கும் நாளில் அந்த ஒரு கயிறு மட்டும் ஏன் என்று கேட்பார்கள். நான் விரிசலைக் கை நீட்டிக் காட்டுவேன்.

மூடுபனி நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையின் மேல் பாதியில் மரம் கிடையாது. கடலிலிருந்து மேகம் ஏறிவிட்டால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. சறுக்குகிறோமா நிற்கிறோமா என்பதே தெரியாமல் போகும். ஓரத்தில் நட்டுவைத்த மூங்கில் கம்புகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டுதான் இறங்க வேண்டும். இந்த மலையில் பயிற்சி எடுத்த அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் டாமி மோ 1994ல் லில்லெஹாமர் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் பந்தயத்தில் 0.04 வினாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். கண்ணை நம்பாமல் காலை நம்பிச் சறுக்கும் பழக்கம் இப்படிப்பட்ட வெளிச்சத்தில்தான் வரும் என்று எனக்குத் தோன்றும்.

மூடுவதை இந்த ஊர் புரிந்துகொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவு நிலநடுக்கம் வந்தபோது கடலோர நிலமே தாழ்ந்துபோயிற்று. ஏற்றத்தில் கடல் நீர் ஊருக்குள் வரத் தொடங்கியதால் கிர்ட்வுட்டைப் பள்ளத்தாக்கின் உள்ளே தள்ளி அமைத்தார்கள். உப்பு நீரில் பட்டுப்போன மரங்கள் இன்றும் நெடுஞ்சாலை ஓரத்தில் வெளுத்து நிற்கின்றன. 2000 பிப்ரவரியில் பனிச்சரிவுகள் நெடுஞ்சாலையை மூடி ஊரைத் துண்டித்தன. சாலையிலிருந்து பனியை அகற்றிக்கொண்டிருந்த கனரக வாகன ஓட்டுநர் ஒருவர் இன்னொரு பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார். ஊருக்கு வந்து போக இருப்பது அந்த ஒரே சாலை. அது மூடினால் வேலைக்கு வந்தவர் வீடு திரும்ப முடியாது. ஷிஃப்டை மாற்ற வேண்டியவர் வந்து சேர முடியாது. அப்படிப்பட்ட நாட்களில் இருக்கிற ஆட்களே இரட்டை ஷிஃப்ட் பார்த்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை. சாலையைத் திறக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

திறக்கும் நேரமும் சொல்லத்தக்கதுதான். ரேடியோவில் பேட்ரோலின் குரல் வரும். சரிவின் பெயர், நேரம், அவ்வளவுதான். நான் அறிவிப்புப் பலகையைத் திருப்பிவைப்பேன். வரிசையின் முன்னால் இருப்பவர்கள் கையுறையைக் கடித்து இழுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து, ஒரு வார்த்தை பேசாமல் முன்னே நகர்வார்கள். காலையில் என்னிடம் கடுகடுத்தவர் மாலையில் மூன்றாவது முறை வரும்போது முகமெல்லாம் பனியோடு கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த வேலைக்குப் போக விரும்பும் இளைஞர்கள் சிலர் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். சம்பளம் பெரிதில்லை, தங்குமிடம் நெருக்கடி, உடம்பு நாள் முழுதும் ஈரமாக இருக்கும். மாற்றிக்கொள்ள இரண்டு ஜோடிக் கையுறை கட்டாயம் வேண்டும். எந்த லிஃப்ட் வேண்டும் என்று கேட்டால், முதல் மாதம் கீழ் நிலையம் போதும். ஆட்களோடு பேசப் பழகலாம். பிறகு மேல் நிலையம் கேட்டு வாங்குங்கள். அங்கே பேட்ரோல்காரர்கள் காலை வேலையை முடித்துவிட்டுச் சூடாக ஏதாவது குடிக்கக் கொட்டகைக்குள் வருவார்கள். எந்தச் சரிவை ஏன் மூடினோம் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருங்கள். சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள். நான் பார்த்தவரை அவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சலித்துக்கொண்டதே இல்லை.