கேம் கடை, பங்குனி மாதம்

3.3.2022 வியாழன்

அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரவில்லை. இன்னும் இரண்டு கிழமையாம். இரண்டு என்றால் மூன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது வீட்டுக்கு நேரே போகாமல் கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியில் இறங்கிவிட்டேன். வாசலில் நிற்கிற அம்மாவிடம் உடனே போய் "இன்னும் வரேல்லை" என்று சொல்ல மனமில்லை. ஒழுங்கைக்குள் நடந்தால் கேம் கடை அப்படியே இருக்கிறது. போர்டில் 'கேம்ஸ்' என்றிருந்ததில் 'ம்ஸ்' மட்டும் மிச்சம். கடைக்கார அண்ணை வெளியே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து கொப்பி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். பல வருசத்துக்குப் பிறகு காண்கிறோம், கேட்ட முதல் கேள்வி: "தம்பி, உங்கட பக்கம் கரண்ட் எத்தினை மணிக்கு வரும்?"

4.3.2022

அப்பா இரண்டு கவளத்தோடு எழும்பிவிட்டார். விழுங்க நோகுதாம். அம்மா பார்க்காத நேரம் சோற்றைக் கோழிக்குப் போட்டார், நான் பார்த்தேன்.

6.3.2022 ஞாயிறு

இன்றைக்குக் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். நாலு ரிவி, அதில் இரண்டு வேலை செய்கிறது. பிளேஸ்ரேசன் 2, பிஎஸ் 2 என்கிற கேம் மெசின், மூன்று. ஒன்று மூடியில்லாமல் கிடக்கிறது, சின்ன மேசை விசிறி ஒன்று அதற்கு மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, மனிசருக்கு விசிறி இல்லை. ஜொய்ஸ்ரிக்கில் கட்டை விரல் வைக்கிற இடத்து றப்பர் எப்பவோ தேய்ந்து போய்விட்டது. அண்ணை சைக்கிள் வால்வ் ரியூப்பை வெட்டி வளையம் மாதிரிச் செருகி வைத்திருக்கிறார். 2012-லும் அப்படித்தான். விரலில் அந்தக் கறுப்பு ஒட்டும், வீட்டில் மறைக்க முடியாது, அம்மா கையைப் பார்த்தே கண்டுபிடிப்பார்.

நேரம் எழுதுகிற கொப்பியும் இருக்கிறது. ரிவி நம்பர், தொடங்கின நேரம், முடிகிற நேரம், காசு. முன்பு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் நிரம்பும். இப்போது ஒரு பக்கத்தில் ஒரு கிழமை. பழைய கொப்பிகளைக் காட்டச் சொன்னேன். கறையான் தின்றுவிட்டதாம்.

மேசை லாச்சியைத் திறந்தபோது, விளையாடினதைச் சேமித்து வைக்கிற மெமரி கார்ட்டுகளைக் கண்டேன். ஒரு கைப்பிடி இருக்கும். என்னுடையதில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்ரர் ஒட்டி நீலப் பேனையால் எழுதியிருப்பேன். கேட்க வெட்கமாக இருந்தது, முப்பத்தொரு வயதில் அதைக் கேட்பதா. வந்துவிட்டேன்.

8.3.2022

டொலர் விலையைப் பிடித்து வைத்திருந்த மத்திய வங்கி நேற்று விட்டுவிட்டது. அம்மா கேட்கிறார், அப்பாவின் மருந்து விலை ஏறுமா என்று. ஏறாது என்றேன். எனக்கென்ன தெரியும்.

12.3.2022 சனி

இரவோடு இரவாக டீசல் 176, பெற்றோல் 254. அண்ணை சிரிக்கிறார். "ஜெனரேற்றர் போட்டுப் பெடியளை விளையாட விட்டா மணித்தியாலத்துக்கு நான்தான் அவங்களுக்குக் காசு குடுக்கோணும்."

சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2003-இல் அவர் பசார் பக்கம் தொடங்கின முதல் கடை முழுக்க முழுக்க ஜெனரேற்றரில்தான் ஓடியது. லக்சபானா மின்நிலையத்துக் கரண்ட் கிளிநொச்சிக்கு எங்கே வந்தது அப்போது. சமாதான காலம், யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்து ஒரு வருசம், பஸ்ஸில் வந்த இரண்டு சீனத்து ரிவி கேம், '9999 இன் 1' என்று எழுதின மஞ்சள் கசற். உள்ளே உண்மையில் பத்துப் பன்னிரண்டு கேம்தான், மிச்சம் அதே கேம் வேறு வேறு பெயரில் வரும். எங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. கொன்ட்ரா ஒன்றே போதும். மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ அமத்தினால் முப்பது உயிர். இதை யார் முதலில் கொண்டுவந்தது என்று தெரியாது, ரியூசன் முழுக்க ஒரே நாளில் பரவியது, வாய்ப்பாடு அப்படிப் பரவவில்லை.

2006 ஓகஸ்ற்றில் பாதை பூட்டினார்கள். எண்ணெய் விலை போன போக்கில் ஜெனரேற்றர் நின்றது. 2008-இல் யுத்தத்தில் ஊர் இடம்பெயர்ந்தபோது அண்ணை ரிவி இரண்டையும் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு என்று போனவர். புதுக்குடியிருப்பில் ஒரு ரிவியைக் கொடுத்து மா வாங்கினாராம். கசற்றைப் பொலித்தீனில் சுற்றி பங்கர் வாசலில் தாட்டவர். "அடையாளத்துக்கு ஒரு வேப்பமரம் நிண்டது தம்பி." அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

15.3.2022

நித்திரை இல்லை. அப்பா இருமுகிறாரா என்று கேட்டுக்கொண்டு போனில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தேன். யப்பானில் சேகா கம்பனி தன் கேம் சென்ரர்களில் பெரும்பங்கை 2020-இலேயே விற்றதாம், மிச்சமிருந்த கொஞ்சப் பங்கையும் இந்த சனவரியில் விற்றுவிட்டு அந்தத் தொழிலிலிருந்தே வெளியே போய்விட்டதாம். அக்கிஹபாராவில் மாடி மாடியாக இருந்த ஒரு கட்டடத்தையும் 2020 ஓகஸ்ற்றில் மூடியிருக்கிறார்கள். கொரோனாவுக்கு ஆள் வரவும் குறைவாம். படங்களில் சனம் மூடின கதவுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறது.

காசு போட்டு விளையாடுகிற அந்தப் பெரிய மெசின்களை வன்னியில் ஒருவரும் கண்டதில்லை. 1978-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்தது, 1980-இல் பக்-மான் வந்தது என்பதெல்லாம் எங்களுக்கு வேறு கிரகத்துக் கதை. எங்களுக்கு எல்லாம் மற்றவர்கள் கைகழுவும்போதுதான் வந்து சேரும். பிஎஸ் 2 உலகத்துக்கு வந்தது 2000-இல். அண்ணை மெனிக்பாம் அகதி முகாமிலிருந்து வந்து, தகரக் கொட்டிலில் திரும்பக் கடை போட்டு, அதை வாங்கி வைத்தது 2011-இல். நாங்கள் புதுசு புதுசு என்று துள்ளிக்கொண்டிருக்க, 2013 சனவரியில் சோனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் இன்னும் மூன்று வருசம் வரிசையில் நின்றோம்.

இருமல் நின்றுவிட்டது. அது இன்னும் பயமாக இருக்கிறது.

18.3.2022

புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கல். அம்மா நேர்த்தி வைத்தது, கட்டாயம் போகவேண்டும் என்று நின்றார். போய்வந்தோம். அப்பா மரத்தடியில் இருந்துவிட்டார், நடக்கவில்லை.

20.3.2022 ஞாயிறு

மருமகனைக் கடைக்குக் கூட்டிப்போனேன். பதின்மூன்று வயது. ஜொய்ஸ்ரிக்கைக் கையில் கொடுத்ததும் முதலில் மணந்து பார்த்தான். பத்து நிமிசம் பந்துக் கேம் விளையாடினான், பிறகு மூலையில் இருந்து போனை எடுத்து ஃப்ரீ ஃபயர். ஐம்பது பேர் வானத்திலிருந்து குதிக்கிறார்கள், பத்து நிமிசத்தில் ஒருவன் மிச்சம், திரும்பக் குதிக்கிறார்கள். காசு இல்லை, டேற்றா மட்டும் வேண்டும். "மாமா, இதுக்கு ஏன் மணித்தியாலத்துக்கு அறுவது ரூபா?" என்று அண்ணைக்குக் கேட்கிற மாதிரியே கேட்டான். அண்ணை ஓம் தானே என்று தலையாட்டினார். எனக்குத்தான் கோபம் வந்தது.

எல்லாரும் போன் வந்து கடையைக் கெடுத்தது என்கிறார்கள். அண்ணையும் அதைத்தான் சொல்கிறார், 2018-க்குப் பிறகு வருமானம் பாதியாம், கொரோனா ஊரடங்கில் மிச்சப் பாதியாம். அது சரி. ஆனால் எனக்கு வேறொன்று படுகிறது. அந்தக் கடையில் விளையாடினவர்கள் எட்டுப் பேர் என்றால் பின்னால் நின்றவர்கள் இருபது பேர். காசில்லாதவன், முறை வராதவன், சும்மா வந்தவன். உண்மையில் விளையாட்டு அவர்களிடம்தான் இருந்தது. "குடடா, அவனுக்குக் குடு", "கோல்காரன் வெளிய வந்திட்டான், தூக்கு, தூக்கு!" தோற்றவனுக்கு வெட்கம் வருவது பின்னால் ஆள் நிற்பதால்தான். நான் கடையில் நின்ற மணித்தியாலங்களைக் கூட்டினால் முக்கால்வாசி காசு கொடுக்காத மணித்தியாலம்தான் வரும். மருமகன் போனோடு மூலையில் இருக்கும்போது பின்னால் போய் நின்று பார்த்தேன். திரையைத் திருப்பிக்கொண்டான்.

பின்னால் நிற்பது என்று எழுதினதும் அப்பாவின் அடி ஞாபகம் வந்துவிட்டது. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

23.3.2022

வேறொரு நாள் என்றால் இன்றைக்கு. 2003, எனக்குப் பன்னிரண்டு வயது. ரியூசன் காசை எடுத்துக்கொண்டு கேம் கடையில் நிற்கிறேன். கொன்ட்ரா, அருவி ஏறுகிற இடம். திடீரென்று முதுகில் பூவரசம் தடி. திரும்பினால் அப்பா. கடையே சிரிக்கிறது. சைக்கிள் பாரில் ஏற்றி வீடுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னுடைய பிரச்சினை அடி இல்லை. அவர் எவ்வளவு நேரம் பின்னால் நின்றார்? வந்த உடனேயே அடித்தாரா, அல்லது பார்த்தாரா? பின்னால் நின்றவர்களில் ஒருவராக அவரும் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும் என்று ஏன் எனக்கு இவ்வளவு ஆசை. ரிப்போர்ட் வரமுதல் கேட்டுவிட வேண்டும், வந்த பிறகு கேட்டால் அது வேறு மாதிரி இருக்கும்.

24.3.2022

கேட்டுவிட்டேன். இரவு, கரண்ட் இல்லை, விறாந்தையில் குப்பிவிளக்கு. முதலில் எந்த அடி என்றார், எத்தனையோ இருக்கிறதாம். பிறகு ஞாபகம் வந்தது.

"உன்ர ஆள் மூண்டு தரம் செத்தவன். அவ்வளவு நேரம் நிண்டனான்."

அப்போ ஏன் அடித்தீர்கள் என்றேன். ரியூசன் காசுக்கா?

"காசுக்கில்லை. உனக்குப் பின்னால ஒரு சின்னப் பெடியன் சில்லறையைப் பொத்திக்கொண்டு நிண்டவன். கடைக்காரப் பெடியன் நேரம் முடிஞ்சுதெண்டு ரெண்டு தரம் சொல்லிப்போட்டான். நீ குடுக்கேல்லை."

அந்தப் பெடியனை எனக்கு ஞாபகமே இல்லை. அப்பா அவன் போட்டிருந்த சேட்டின் நிறம் வரைக்கும் சொல்கிறார்.

27.3.2022 ஞாயிறு

வெட்கத்தை விட்டு மெமரி கார்ட்டைக் கேட்டேன். அண்ணை லாச்சியை மேசையில் கவிழ்த்தார். இருந்தது! பிளாஸ்ரர் மஞ்சளாகி, எழுத்து மங்கி. எட்டு எம்பி, ஒன்றிரண்டு பாட்டுக்கு மேல் பிடிக்காது. ஆனால் நாலு சீசன் இருந்தது அதற்குள், நானும் சிநேகிதனும் ஒரு உதவாத பந்தணியை எடுத்து ஆள் ஆளாக விற்று வாங்கிக் கட்டினது. அவன் இப்போது பிரான்சில். கார்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன், அழுகிற பொம்மை ஒன்று போட்டான்.

மெசினில் செருகினோம். எங்கள் சேவ் இல்லை. அண்ணை தலையைச் சொறிந்தார். லென்ஸ் போன பிறகு சீடி வாசிக்காது, பென் டிரைவிலிருந்துதான் கேம் ஓடவேண்டும், அதற்கு எம்சி பூட் என்று ஒரு புரோகிராம் கார்ட்டில் இருக்கவேண்டும், நல்ல கொம்பனிக் கார்ட் என்னுடையதுதானாம். "இடம் காணேல்லை தம்பி. பழசு ரெண்டு மூண்டை அழிச்சுப்போட்டன். நீங்கள் கொழும்பு போட்டியள், வருவியள் எண்டு ஆர் நினைச்சது." இந்தக் கடை கடைசியாக ஓடினதே என் கார்ட்டில்தான். பென்னில் ஓடுவதால் நடுவில் வருகிற படத் துண்டுகள் விக்கி விக்கி வருகின்றன, அந்த யூஎஸ்பி அவ்வளவு மெதுவானது.

கோபப்படலாமா என்று யோசித்தேன். வரவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து ஒன்றுமில்லாத காரணத்துக்கு அம்மாவோடு சத்தம் போட்டேன்.

30.3.2022

பத்து மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்தால் யாரும் போனைத் தூக்குகிறார்களில்லை.

31.3.2022

பதின்மூன்று.

அப்பா இன்றைக்குக் கஞ்சி மட்டும். அண்ணை ஷட்டரை முழுசாக இறக்கி, வெளியே கதிரையும் இல்லை. தட்டினேன். உள்ளே இருட்டில் ஸ்குரூட்றைவரோடு இருந்து ஜொய்ஸ்ரிக்குகளைக் கழற்றி, வால்வ் ரியூப் வளையங்களை ஒரு யோகட் கப்பில் சேர்க்கிறார். அது எதற்கு என்றேன். சைக்கிளுக்கு உதவும் என்றார்.

2.4.2022 சனி

ஆறு மணியிலிருந்து ஊரடங்கு. கொழும்பு முழுக்கக் கலவரமாம். அலுவலகத்திலிருந்து எப்போது வருவாய் என்று கேட்டு மெசேஜ். பதில் போடவில்லை.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கோல். திங்கட்கிழமை வந்து எடுக்கலாம், டொக்டரையும் பார்க்கவேண்டும், அப்பாவையும் கூட்டிவாங்கோ. என்ன வந்திருக்கிறது என்று கேட்டேன், போனில் சொல்ல மாட்டார்களாம். கூட்டிவாங்கோ என்பதற்கு என்ன அர்த்தம். நல்லதென்றாலும் கூட்டிவரச் சொல்வார்கள்தானே. அம்மாவிடம் ரிப்போர்ட் என்று மட்டும் சொன்னேன்.

3.4.2022 ஞாயிறு

முகநூல், வட்சப் ஒன்றும் இல்லை, அரசாங்கம் நிற்பாட்டியிருக்கிறது. மருமகன் விபிஎன் போட்டுத் தந்தான், அதில்தான் இதைப் போடுகிறேன். அதற்குக் கூலியாக அவனுக்குப் பின்னால் இருந்து ஒரு ஆட்டம் பார்க்க விடச் சொன்னேன். விட்டான். நாலாம் நிமிசம் செத்துப்போனான், நான் பார்த்ததாலாம்.

அண்ணை கடையைச் சலூன்காரர் ஒருவருக்குக் கொடுக்கிறார். ரிவி நாலையும் மல்லாவியில் மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம், அங்கே ஒருவன் பாகத்துக்கு எடுப்பானாம். ஊரடங்கு நாளை காலை ஆறு மணிக்கு எடுக்கிறார்கள். ஏழு மணிக்கு லான்ட்மாஸ்ரர் வருது, பெரிய ரிவியைத் தூக்க ஒரு கை வேணும் தம்பி என்று கேட்டிருந்தார். ஓம் என்று சொல்லிவிட்டேன். எங்களுடைய பஸ் ஏழேகாலுக்கு, அதே சந்தியில்.